கொலஸ்டிராலைச் சுமப்பது யார்? கொழுப்புக் கடத்தல் ஆய்வின் வரலாறு

கொலஸ்டிரால் என்பது விலங்குகளின் உயிரணுச் சவ்வுகளில் காணப்படும் மெழுகு போன்ற ஒரு பொருள். பித்த அமிலங்களும் பாலின ஹார்மோன்களும் இதிலிருந்தே உருவாகின்றன. உடலுக்குத் தேவையானதில் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. மீதி உணவிலிருந்து கிடைக்கிறது. இது நீரில் கரையாது. இரத்தத்தின் பெரும்பகுதியோ நீர். கரையாத இப்பொருளை உடல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்கு எப்படிக் கொண்டு செல்கிறது, எங்கே இறக்கி வைக்கிறது என்பதை அறிய ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. இரத்தத்தில் கொலஸ்டிரால் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியே நெடுங்காலம் முன்னின்றது. அதைச் சுமப்பது எது, வாங்கிக்கொள்வது எது என்று கேள்வி மாறிய பிறகே மாரடைப்பைத் தடுக்கும் மருந்துகளுக்கு வழி பிறந்தது.

பித்தக்கல்லில் தொடக்கம்

கொலஸ்டிரால் முதலில் அறியப்பட்டது இரத்தத்தில் அன்று, பித்தக்கற்களில். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் பித்தக்கற்களைக் கரைத்துப் பார்த்தவர்கள் பளபளப்பான வெண்படிகங்களைக் கண்டனர். பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜின் செவ்ரல் இப்பொருளை மற்றக் கொழுப்புகளிலிருந்து பிரித்துக் காட்டி, 1816ஆம் ஆண்டை ஒட்டி ‘கொலஸ்டிரின்’ என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் ‘கோலே’ என்றால் பித்தம். ‘ஸ்டெரியோஸ்’ என்றால் திடப்பொருள். சாதாரணக் கொழுப்பைக் காரத்துடன் கொதிக்க வைத்தால் சோப்பாகும். இது ஆகவில்லை என்பதே செவ்ரல் கண்ட முக்கிய வேறுபாடு. 1859இல் பெர்த்தலோ இது ஆல்கஹால் வகையைச் சேர்ந்தது என்று நிறுவினார். பெயரின் இறுதியில் இன்று ‘ஆல்’ ஒலி இருப்பதற்கு அதுவே காரணம். ஆகவே வேதியியல் கணக்கில் கொலஸ்டிரால் ஒரு கொழுப்பெண்ணெய் அன்று. தமிழில் இதை வெறுமனே ‘கொழுப்பு’ என்று சொல்வது வழக்கில் நிலைத்துவிட்டாலும் அது சற்றுத் தளர்வான சொல்லாட்சியே.

இதன் மூலக்கூற்று அமைப்பைக் கண்டறியும் பணி ஜெர்மனியில் நடந்தது. ஹைன்ரிச் வீலாண்டு 1927ஆம் ஆண்டிற்கான நோபல் பரிசையும் அடால்ஃப் வின்டவுஸ் 1928ஆம் ஆண்டிற்கான நோபல் பரிசையும் பித்த அமிலங்கள், ஸ்டீரால்கள் பற்றிய ஆய்வுகளுக்காகப் பெற்றனர். அப்போது அவர்கள் முன்வைத்திருந்த அமைப்பு பிழையானது என்பது பின்னரே தெரிந்தது. ஜே. டி. பெர்னால் எடுத்த ஊடுகதிர்ப் படங்கள் அந்த அமைப்புடன் பொருந்தவில்லை. 1932இல் அது திருத்தப்பட்டது.

முயல்களும் ஐயங்களும்

தடித்துப்போன இரத்தக்குழாய்ச் சுவரில் கொலஸ்டிரால் படிந்திருப்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் அறிந்திருந்தனர். 1910இல் வின்டவுஸ் அளந்து பார்த்தபோது, நோயுற்ற பெருந்தமனியில் நலமான தமனியைப் போல 20 மடங்குக்கும் மேலாகக் கொலஸ்டிரால் இருந்தது. ஆனால் அது நோயின் காரணமா விளைவா என்பது தெரியவில்லை.

1913இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நிக்கோலாய் அனிச்கோவும் செமியோன் கலடோவும் தூய கொலஸ்டிராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்கு ஊட்டினர். முயல்களின் தமனிகளில் மனிதரிடம் காண்பதைப் போன்ற படிவுகள் தோன்றின. எலிகளிலும் நாய்களிலும் இதே முறையில் செய்தபோது அப்படி நேரவில்லை. முயல் தழை தின்னும் விலங்கு. அதற்குக் கொலஸ்டிராலைக் கொடுத்துக் கண்ட முடிவு மனிதருக்கு எப்படிப் பொருந்தும் என்று பலர் கேட்டனர். எலியும் நாயும் மிகுதியான கொலஸ்டிராலை விரைவாகப் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றிவிடுகின்றன என்ற விளக்கம் அன்று கையில் இல்லை. அதனால் அனிச்கோவின் கண்டுபிடிப்பு பல பத்தாண்டுகள் உரிய கவனம் பெறாமல் கிடந்தது.

குதிரை இரத்தத்தில் ஒரு தெளிந்த கரைசல்

கடத்தல் பற்றிய முதல் உறுதியான சான்று 1929இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் கிடைத்தது. மிஷேல் மாஷ்பூஃப் குதிரையின் இரத்த நிணநீரிலிருந்து புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அவற்றுள் ஒரு பகுதியின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு கொழுப்புப் பொருள்கள். இருந்தும் அதை நீரில் இட்டால் தெளிந்த கரைசல் கிடைத்தது. மீண்டும் மீண்டும் வீழ்படிவாக்கிக் கரைத்தாலும் புரதமும் கொழுப்பும் பிரியவில்லை. அவற்றின் விகிதமும் மாறவில்லை.

கொழுப்பு இரத்தத்தில் தனியாக மிதப்பதில்லை, புரதத்துடன் சேர்ந்தே பயணம் செய்கிறது என்பதே இதன் பொருள். இத்தகைய சேர்மத்திற்குப் பின்னாளில் லிப்போபுரதம் என்ற பெயர் நிலைத்தது. மாஷ்பூஃப் பிரித்தெடுத்த பகுதி இன்று எச்டிஎல் என்று அழைக்கப்படும் வகையைச் சேர்ந்தது.

மிதக்கும் துகள்கள்

லிப்போபுரதங்கள் ஒரே வகை அல்ல, பல வகை என்று காட்டியவர் அமெரிக்காவின் பெர்க்லியில் பணியாற்றிய ஜான் காஃப்மன். அவர் மருத்துவரும் அணு வேதியியலாளரும் ஆவார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் யுரேனியம், புளூட்டோனியம் தொடர்பான ஆய்வுகளில் ஈடுபட்டிருந்தார். போருக்குப் பின் அதிவேக மையவிலக்குக் கருவியை இரத்த ஆய்வுக்குத் திருப்பினார்.

இரத்த நிணநீரை அக்கருவியில் சுழற்றிய முந்தைய ஆய்வாளர்கள் புரதப் பகுதியில் ஒரு விந்தையான வடிவச் சிதைவைக் கண்டு குழம்பியிருந்தனர். காஃப்மனும் அவருடைய மாணவர் ஃபிராங்க் லின்ட்கிரெனும் நிணநீரில் உப்பைச் சேர்த்து அதன் அடர்த்தியைக் கூட்டினர். உடனே லிப்போபுரதங்கள் பாலில் ஆடை எழுவது போல மேலே மிதந்தன. மற்றப் புரதங்கள் அடியில் தங்கின. அடர்த்தியைப் படிப்படியாக மாற்றியபோது லிப்போபுரதங்கள் வகை வகையாகப் பிரிந்து வந்தன. 1949, 1950 ஆண்டுகளில் இம்முடிவுகள் வெளியாயின. மிகக்குறை அடர்த்தி கொண்டது விஎல்டிஎல், குறை அடர்த்தி கொண்டது எல்டிஎல், மிகை அடர்த்தி கொண்டது எச்டிஎல் என்று இன்று ஆய்வகத் தாளில் காணும் பெயர்கள் எல்லாம் இந்த மிதக்கும் தன்மையை வைத்துப் பிறந்தவையே.

இவற்றின் பணிகள் மெல்ல மெல்லத் தெளிவாயின. உணவில் வரும் கொழுப்பைக் குடலிலிருந்து ஏற்றி வருபவை கைலோமைக்ரான்கள் என்னும் பெரிய துகள்கள். விருந்துண்ட சில மணி நேரத்தில் இரத்த நிணநீர் பால் போலக் கலங்குவது இவற்றால்தான். கல்லீரல் தானே தயாரித்த கொழுப்பை விஎல்டிஎல் துகள்களில் ஏற்றி அனுப்புகிறது. தசைகளும் கொழுப்புத் திசுக்களும் அதிலுள்ள முக்கிளிசரைடை இறக்கிக்கொள்கின்றன. சுமை குறைந்து சுருங்கிய துகளே எல்டிஎல். ஒரு எல்டிஎல் துகளுக்குள் கொழுப்பமிலத்துடன் இணைந்த கொலஸ்டிரால் மூலக்கூறுகள் சுமார் 1,500 இருக்கும். அதைச் சுற்றி அப்போபி-100 என்னும் ஒரே ஒரு பெரும்புரதம் வளைந்து கிடக்கும்.

மாரடைப்பை முன்கூட்டிச் சொல்வதற்கு மொத்தக் கொலஸ்டிராலைவிடக் குறிப்பிட்ட லிப்போபுரதங்களின் அளவே உதவும் என்று காஃப்மன் வாதிட்டார். இதைச் சோதிக்க நான்கு ஆய்வகங்கள் கூட்டாக ஓர் ஆய்வு நடத்தின. 1956இல் வெளியான அறிக்கையில் பெரும்பான்மையினர், கடினமான இந்த அளவீட்டால் எளிய கொலஸ்டிரால் சோதனையைவிடக் கூடுதல் பயன் இல்லை என்று முடிவு கூறினர். பெர்க்லி குழுவினர் அதே அறிக்கையில் தங்கள் மறுப்பைத் தனியே பதிவு செய்தனர். அதன் பின் காஃப்மன் கதிரியக்கத் தீங்குகள் பற்றிய ஆய்வுக்கு நகர்ந்து, அங்கும் பெரிய சர்ச்சைகளுக்கு ஆளானார். கொழுப்புத் துறையில் அவர் சொன்னதன் சாரம் சரி என்பது பின்னால் தெளிவாயிற்று.

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் டொனால்டு ஃபிரெட்ரிக்சனும் உடன் பணியாற்றியோரும் மையவிலக்குக் கருவி இல்லாத மருத்துவமனைகளுக்கும் இந்த அறிவைக் கொண்டு சேர்த்தனர். 1967இல் அவர்கள் இரத்தக் கொழுப்புக் கோளாறுகளை லிப்போபுரத அடிப்படையில் வகைப்படுத்தினர். 1972இல் ஃபிரீடுவால்டு, லெவி, ஃபிரெட்ரிக்சன் மூவரும் ஓர் எளிய கணக்கைத் தந்தனர். மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து எச்டிஎல் அளவையும், முக்கிளிசரைடு அளவில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் எல்டிஎல் அளவு கிடைக்கும். இன்றும் பல ஆய்வகத் தாள்களில் அச்சாகும் எல்டிஎல் எண் நேரடியாக அளந்தது அன்று, இப்படிக் கழித்துப் பெற்றது. முக்கிளிசரைடு 400 மி.கி.க்கு மேல் போனால் இக்கணக்கு பொருந்தாது.

தோல் உயிரணுக்கள் காட்டிய விடை

துகள்கள் தெரிந்துவிட்டன. அவை எங்கே இறங்குகின்றன என்பது 1970 வரையில் புதிராகவே இருந்தது. விடை ஒரு பரம்பரை நோயிலிருந்து வந்தது.

சில குடும்பங்களில் தசைநாண்களின் மேல் மஞ்சள் நிறக் கட்டிகளும் இளவயது மாரடைப்பும் சேர்ந்தே வருவதை நார்வே மருத்துவர் கார்ல் முல்லர் 1930களின் இறுதியில் விவரித்திருந்தார். 1964இல் பெய்ரூட்டில் அவெடிஸ் கச்சதூரியன் இந்நோயில் இரு நிலைகள் உண்டு என்று காட்டினார். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் குறைபாடுள்ள மரபணு வந்தால் இரத்தக் கொலஸ்டிரால் ஏறத்தாழ இரு மடங்காகும். மாரடைப்பு நடுவயதிலேயே வரும். இருவரிடமிருந்தும் வந்தால் பிறந்தது முதலே அளவு ஆறு மடங்குக்கு மேல் இருக்கும்; பள்ளி செல்லும் வயதிலேயே மாரடைப்பு நேரும். அக்காலத்தில் இக்குழந்தைகளுக்குச் செய்யக்கூடியது அநேகமாக எதுவும் இல்லை.

மைக்கேல் பிரௌனும் ஜோசஃப் கோல்ட்ஸ்டைனும் 1966இல் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் பயிற்சி மருத்துவர்களாகச் சந்தித்தவர்கள். இரு மரபணுவும் பழுதுபட்ட ஒரு சிறுமியையும் அவளுடைய சகோதரனையும் கோல்ட்ஸ்டைன் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் பார்த்திருந்தார். 1970களின் தொடக்கத்தில் டாலஸ் நகரின் டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் இருவரும் சேர்ந்து இந்நோயை ஆராயத் தொடங்கினர்.

கல்லீரல் திசு எளிதில் கிடைக்காது. எனவே நோயாளிகளின் தோலிலிருந்து சிறு துணுக்கை எடுத்து உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தனர். கொலஸ்டிரால் தயாரிப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் நொதியான எச்எம்ஜி-கோஏ ரிடக்டேசின் செயலை அளந்தனர். நலமானவரின் உயிரணுக்களுக்கு எல்டிஎல் கொடுத்ததும் அந்நொதி அடங்கியது. வெளியிலிருந்து சரக்கு வந்துவிட்டதால் உள்ளே தயாரிப்பு நின்றது. நோயாளியின் உயிரணுக்களிலோ நொதி 40 முதல் 60 மடங்கு வேகத்தில் இயங்கியது. எவ்வளவு எல்டிஎல் கொடுத்தாலும் அடங்கவில்லை. 1973இல் இம்முடிவு வெளியானது.

நொதியே பழுது என்றுதான் முதலில் தோன்றும். அதைச் சோதிக்க அவர்கள் செய்தது மிக எளிய ஒரு வேலை. கொலஸ்டிராலை எல்டிஎல் இல்லாமல், ஆல்கஹாலில் கரைத்து நேரே உயிரணுக்களுக்குக் கொடுத்தனர். ஆல்கஹாலில் கரைந்த கொலஸ்டிரால் யார் துணையும் இன்றிச் சவ்வைக் கடந்துவிடும். இப்போது நோயாளியின் உயிரணுக்களிலும் நொதி உடனே அடங்கியது. அப்படியானால் நொதியில் குறை இல்லை. எல்டிஎல்லை உள்ளே வாங்கும் வாயிலில்தான் குறை. 1974இல் கதிரியக்க அயோடின் ஏற்றிய எல்டிஎல்லைக் கொண்டு, நலமான உயிரணுக்களின் மேற்பரப்பில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி இருப்பதையும், இரு மரபணுவும் பழுதுபட்டோரிடம் அது இல்லாததையும் காட்டினர்.

பின்னர் வந்த ஒரு நோயாளியின் உயிரணுக்கள் இன்னொரு படியைத் திறந்தன. அவற்றில் எல்டிஎல் ஏற்பியில் ஒட்டியது. ஆனால் உள்ளே போகவில்லை. ரிச்சர்ட் ஆண்டர்சன் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, நலமான உயிரணுக்களில் ஏற்பிகள் சவ்வின் சிறு குழிகளில் கூட்டமாக இருந்தன. இந்நோயாளியிடம் அவை சிதறிக் கிடந்தன. இக்குழிகளை 1964இலேயே கொசுவின் முட்டை உயிரணுவில் ராத், போர்ட்டர் என்னும் இருவர் கண்டிருந்தனர். கொசு ஆய்வும் மாரடைப்பு ஆய்வும் ஒரே குழியில் வந்து சந்தித்தது அறிவியல் வரலாற்றின் இனிய தற்செயல்களுள் ஒன்று. குழி உள்நோக்கி மடிந்து பையாகிறது, எல்டிஎல் செரிக்கப்படுகிறது, ஏற்பி சுமார் பத்து நிமிடத்தில் மீண்டும் மேற்பரப்புக்குத் திரும்பி அடுத்த துகளைப் பிடிக்கிறது.

உடலில் இவ்வேற்பிகள் மிகுதியாக இருப்பது கல்லீரலில். இதை மனிதரில் மெய்ப்பிக்கும் வாய்ப்பு 1984இல் வந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் தாமஸ் ஸ்டார்சல் குழுவினர், இந்நோயால் இதயமும் கெட்டுப்போன 6 வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதயத்தையும் கல்லீரலையும் ஒருசேர மாற்றிப் பொருத்தினர். 1,000 மி.கி.க்கு மேல் இருந்த அவளுடைய கொலஸ்டிரால் சுமார் 300 மி.கி.க்கு இறங்கியது. ஏற்பி உள்ள ஒரு கல்லீரல் கிடைத்ததே இம்மாற்றத்திற்குக் காரணம். மறு ஆண்டு பிரௌனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பூஞ்சையிலிருந்து வந்த மருந்து

டாலஸில் ஆய்வு தொடங்கிய அதே காலத்தில் டோக்கியோவின் சாங்கியோ நிறுவனத்தில் அகிரா எண்டோ வேறொரு வழியில் வந்துகொண்டிருந்தார். கொலஸ்டிரால் தயாரிப்பின் படிகளைக் கோன்ராட் பிளாக்கும் ஃபியோடோர் லினனும் ஏற்கெனவே கண்டறிந்து 1964இல் நோபல் பரிசு பெற்றிருந்தனர். பூஞ்சைகளுள் சில, எதிரி நுண்ணுயிர்களின் ஸ்டீரால் தயாரிப்பைத் தடுக்கும் பொருளைச் சுரக்கக்கூடும் என்று எண்டோ எண்ணினார். 1971 முதல் இரண்டு ஆண்டுகளில் சுமார் 6,000 நுண்ணுயிர் வகைகளைச் சோதித்தார். 1973இல், கியோட்டோவில் கிடைத்த அரிசியில் வளர்ந்த பெனிசிலியம் சிட்ரினம் என்னும் நீலப்பச்சைப் பூஞ்சையிலிருந்து காம்பாக்டின் என்ற பொருள் கிடைத்தது.

எலிகளுக்குக் கொடுத்தபோது அது பலன் தரவில்லை. திட்டமே கைவிடப்படும் நிலை வந்தது. முட்டையில் கொலஸ்டிரால் மிகுதி என்பதால் முட்டையிடும் கோழிகளிடம் சோதிக்கலாம் என்று எண்டோ முடிவு செய்தார். கோழிகளின் இரத்தக் கொலஸ்டிரால் பாதியளவு குறைந்தது. நாய்களிலும் குரங்குகளிலும் குறைந்தது. 1978இல் ஒசாகாவில் மருத்துவர் அகிரா யமமோட்டோ பரம்பரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஆனால் மிகை அளவு கொடுக்கப்பட்ட நாய்களில் புற்று போன்ற மாற்றம் தெரிவதாக ஐயம் எழவே 1980இல் சாங்கியோ நிறுவனம் திட்டத்தை நிறுத்தியது. வேறொரு பூஞ்சையிலிருந்து மெர்க் நிறுவனம் எடுத்த லோவாஸ்டாட்டின் 1987இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று முதல் ஸ்டாட்டின் மருந்தாக விற்பனைக்கு வந்தது. எண்டோவுக்கு லாஸ்கர் விருது 2008இல் கிடைத்தது. நோபல் பரிசு கிடைக்காமலேயே 2024இல் அவர் மறைந்தார்.

ஸ்டாட்டின் கொலஸ்டிரால் தயாரிப்பைத் தடுக்கிறது, அதனால் அளவு குறைகிறது என்று சுருக்கமாகச் சொல்வது உண்டு. உண்மை இதைவிடச் சுவையானது. எண்டோ அனுப்பிய காம்பாக்டினைக் கொண்டும் பின்னர் நாய்களில் நடத்திய சோதனையிலும் டாலஸ் குழுவினர் கண்டது இது: தயாரிப்பு தடைபட்டதும் கல்லீரல் உயிரணுக்களுக்குக் கொலஸ்டிரால் போதாமல் போகிறது, அவை மேற்பரப்பில் கூடுதல் ஏற்பிகளை வைத்து இரத்தத்திலுள்ள எல்டிஎல்லை இழுத்துக்கொள்கின்றன. ஏற்பி அறவே இல்லாத நோயாளிகளுக்கு ஸ்டாட்டின் பெரிதாக உதவாததன் காரணமும் இதுவே.

அளவு குறைவது ஒன்று, உயிர் பிழைப்பது மற்றொன்று. 1980களில் பலர் இரண்டாவதை ஐயுற்றனர். வட ஐரோப்பிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த சிம்வாஸ்டாட்டின் ஆய்வு 1994இல் வெளியானபோது, மருந்து பெற்றவர்களிடையே இறப்பு 30 விழுக்காடு குறைந்திருந்தது.

‘நல்ல கொழுப்பு’ என்ற சிக்கல்

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் உள்ள சிறிய டாஞ்சியர் தீவைச் சேர்ந்த ஒரு சிறுவனின் தொண்டைச் சதைகள் ஆரஞ்சு நிறத்தில் வீங்கியிருந்தன. ஃபிரெட்ரிக்சன் குழுவினர் ஆராய்ந்தபோது அவனுக்கும் அவனுடைய சகோதரிக்கும் இரத்தத்தில் எச்டிஎல் ஏறக்குறைய இல்லை. கொலஸ்டிரால் திசுக்களில் தேங்கிக் கிடந்தது. 1961இல் டாஞ்சியர் நோய் என்ற பெயரில் இது அறிவிக்கப்பட்டது. திசுக்களில் மிஞ்சிய கொலஸ்டிராலை எச்டிஎல் திரும்ப எடுத்துச் செல்கிறது என்ற கருத்தை 1968இல் ஜான் கிளாம்செட் முன்வைத்தார். உயிரணுவிலிருந்து கொலஸ்டிராலை வெளியேற்றும் ஏபிசிஏ1 என்னும் புரதத்தின் மரபணுவே டாஞ்சியர் நோயில் பழுதுபட்டிருப்பதை 1999இல் மூன்று குழுக்கள் தனித்தனியே கண்டன.

எச்டிஎல் மிகுந்தோருக்கு மாரடைப்பு குறைவு என்று ஃபிரேமிங்காம் நகர ஆய்வு 1977இல் காட்டியிருந்தது. ‘நல்ல கொழுப்பு’ என்ற பெயர் பரவியது. அப்படியானால் எச்டிஎல்லைக் கூட்டும் மருந்து காக்க வேண்டும் அல்லவா? டார்செட்ராபிப் என்னும் மருந்து சுமார் 15,000 பேரிடம் சோதிக்கப்பட்டது. எச்டிஎல் 72 விழுக்காடு கூடியது. ஆனால் மருந்து பெற்றவர்களிடையே இறப்பும் கூடியதால் 2006 டிசம்பரில் சோதனை நிறுத்தப்பட்டது. பிறவியிலேயே எச்டிஎல்லைக் கூட்டும் ஒரு மரபணு மாற்றம் கொண்டவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை என்று 2012இல் வெளியான ஆய்வும் தெரிவித்தது. இரத்தத்தில் எச்டிஎல்லின் அளவு என்பது நிற்கும் வண்டிகளை எண்ணுவது போன்றது. எவ்வளவு சரக்கு நகர்கிறது என்பதை அது சொல்லாது. மக்கள் வழக்கில் ‘நல்லது’, ‘கெட்டது’ என்ற பிரிவு இன்னும் நீடிக்கிறது. ஆய்வுலகம் அதிலிருந்து விலகி வந்துவிட்டது.

ஏற்பியை அழிக்கும் புரதம்

2003இல் பாரிஸ் நகரின் கேத்தரின் புவாலோவும் மான்ட்ரியாலின் நபீல் செய்தாவும் அவர்களுடைய குழுவினரும், உயர் கொலஸ்டிரால் கொண்ட சில பிரெஞ்சுக் குடும்பங்களில் ஏற்பியின் மரபணு நலமாகவே இருப்பதையும், பிசிஎஸ்கே9 என்ற வேறொரு மரபணுவில் மாற்றம் இருப்பதையும் கண்டறிந்தனர். இம்மரபணு தரும் புரதம் எல்டிஎல் ஏற்பியைப் பற்றிக்கொண்டு, அது மேற்பரப்புக்குத் திரும்பவிடாமல் அழிவுக்கு அனுப்புகிறது. புரதம் மிகையாக இயங்கினால் ஏற்பிகள் குறைந்து எல்டிஎல் தேங்கும்.

டாலஸில் ஹெலன் ஹாப்ஸும் ஜோனதன் கோஹெனும் இதைத் திருப்பிப் போட்டுக் கேட்டனர்: இப்புரதம் குறைவாக உள்ளவர்கள் எப்படி இருப்பார்கள்? 2006இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி ஆப்பிரிக்க அமெரிக்கருள் 2.6 விழுக்காட்டினருக்கு இம்மரபணுவைச் செயலிழக்கச் செய்யும் மாற்றம் இருந்தது. அவர்களின் எல்டிஎல் 28 விழுக்காடு மட்டுமே குறைவு. ஆனால் 15 ஆண்டுக் கண்காணிப்பில் இதய நோய் 88 விழுக்காடு குறைவு. பிறந்தது முதல் தொடரும் சிறிய குறைவு, நடுவயதில் மருந்தால் வரும் பெரிய குறைவைவிட மிகுதியாகக் காத்தது. இரு மரபணுவும் செயலற்ற ஒரு பெண்ணின் எல்டிஎல் வெறும் 14 மி.கி.; அவர் முழு உடல்நலத்துடன் இருந்தார்.

பிசிஎஸ்கே9 புரதத்தைப் பிடித்துச் செயலிழக்க வைக்கும் அலிரோகுமாப், எவோலோகுமாப் ஆகிய இரு ஊசி மருந்துகள் 2015இல் ஒப்புதல் பெற்றன. இவையும் ஸ்டாட்டினைப் போல ஏற்பியை நம்பியே வேலை செய்பவை. ஏற்பியே இல்லாத குழந்தைகளுக்கு இவற்றால் பயன் அநேகமாக இல்லை. ஏங்கிபிடிஎல்3 என்ற இன்னொரு புரதத்தைத் தடுத்து, எல்டிஎல் ஏற்பியின் உதவியின்றியே எல்டிஎல்லைக் குறைக்கும் எவினாகுமாப் என்ற மருந்துக்கு, இரு மரபணுவும் பழுதுபட்ட நோயாளிகளுக்காக 2021இல் அமெரிக்காவில் ஒப்புதல் வழங்கப்பட்டது.